பாண்டுரங்கன் இரண்டால் வகுத்த காலம்

"காவலூர்ல அத்தாம் பெரிய கண்ணாடி வெச்சிக்கினு ராவெல்லாம் வானத்தப் பாக்கறானுங்களே, எதுக்கு? கண்ணு பத்தல, அதான். எனக்கு இந்த ரெண்டு போதும். முப்பது வருசமா புளியமரத்த அண்ணாந்து பாக்கறேன். பக்கத்துல நிக்கறவங்க கிட்ட ‘உனக்கு இன்னா தெரியுது’ன்னு ஒரு தபா, ஒரே ஒரு தபா கேட்டிருப்பனா? கேட்டேன்னு எவனாச்சும் சொல்லட்டும், அன்னையிலேந்து என் பேரு பாண்டுரங்கன் இல்ல!"

போளூர் பேருந்து நிலையத்து டீக்கடை இந்த முழக்கத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டிருக்கிறது. காவலூர் வானாய்வகத்து விஞ்ஞானிகள் யாரும் மறுப்பு வெளியிடவில்லை. சேதி அவர்கள் காதுக்கு எட்டவில்லை என்று சிலர் சொல்வார்கள். பதில் இல்லாமல் வாயடைத்துப் போனார்கள் என்பது பாண்டுரங்கன் தரப்பு.

அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கண்ணின் பெருமை விளங்காது. ஜவ்வாது மலையில் மாசி பிறந்தால் புளி உலுக்கத் தொடங்குவார்கள். ஏறுகிறவன் கிளையில் நின்று மிதித்து மிதித்து உலுக்குவான், பழம் கொட்டும், பெண்கள் பொறுக்குவார்கள். ஆபத்து எல்லாம் பட்டுப்போன கிளையில் இருக்கிறது. மேலே இருப்பவனுக்கு அது தெரியாது, பக்கத்துக் கிளையின் இலை அதைப் பச்சையாக மூடி வைத்திருக்கும். வெடிப்பும் கறையான் மண்ணும் கிளையின் அடிவயிற்றில்தான் இருக்கும். அதைக் கீழிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதற்குக் கொம்பு காட்டுவது என்று பெயர். மேலே இருப்பவன் "இதுவா?" என்று கேட்பான். கீழே இருப்பவர் "வை" என்பார். அவன் காலை வைப்பான். மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் கொம்பு காட்டுகிறவரின் கண்ணைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அப்புறம் அந்த ஆளோடு அவர் வேலைக்கு வரமாட்டார்.

பாண்டுரங்கனுக்கு மறுகேள்வி வந்ததே இல்லை. கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி அண்ணாந்து நிற்பார். திறந்த வாயில் மைனா ஒன்று ஒருமுறை தன் கருத்தைத் தெரிவித்ததாகப் பேச்சு உண்டு. அதை அவர் வன்மையாக மறுத்திருக்கிறார். மலையடிவார ஊர்கள் நாலைந்தில் அவருக்குக் கண்ணுக்காரர் என்றே பெயர். புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "இருந்தா என் கண்ணுல படாம பூடுமா?" என்பார். இந்த ஒரே வாதத்தால் மலையில் இருந்த பேய்களையெல்லாம் அவர் காலி செய்து வைத்திருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பேயைத் திரும்பக் குடியேற்ற வேண்டி வந்தது.

ஜமுனாமரத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தோப்பில், அகலமான மரம் ஒன்றில் சின்னராசு ஏறியிருந்தான். பாண்டுரங்கனின் ஊர்க்காரன். அன்று கீழே பழம் பொறுக்க வந்திருந்த பூங்கோதையின் புருஷன். "மாமா, இதுவா?" என்று மேலிருந்து கேட்டான். "ஆங், வை" என்று கீழிருந்து பதில் வந்தது. வைத்தான். கிளை முறிந்தது. கீழே கிடந்தவனுக்கு ரத்தம்கூட அதிகமில்லை. கழுத்து மட்டும் இடது தோள் பக்கமாகச் சாய்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ மெதுவாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவன் போல.

ஊர் கூடி ஆராய்ந்தது. கண்ணுக்காரர் கண் பிசகாது. ஆகையால் பிசகியது வேறு ஏதோ. அந்த மரத்தைப் பற்றி முன்பே ஒரு பேய்க்கதை இருந்தது. தூசு தட்டி எடுத்தார்கள். பேய்தான் தள்ளிவிட்டது என்று முடிவாயிற்று. பேயை மரத்தோடு அறைந்து வைக்க ஆணி தேவைப்பட்டது. முப்பது வருடம் பேயே இல்லை என்று வாதாடியவர் அன்று ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆணியைச் செங்கம் வரை போய் அவரே வாங்கி வந்தார். ஆறங்குல ஆணி. நல்ல ஆணி.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பாண்டுரங்கனுக்குத் தரை ஒரு பக்கமாக நழுவியது. குழாயைப் பிடித்துக்கொண்டார். குழாயும் நழுவியது. வாந்தி எடுத்தார்.

"பித்தங்க" என்றாள் அவர் மனைவி சகுந்தலா. "சொன்னா கேக்கறீங்களா? வெறும் வயித்துல நாலு டீ."

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்பது ஊருக்குத் தெரியும். பாண்டுரங்கனின் வாய் நேராக இருந்தது, பேசிக்கொண்டும் இருந்தது. கை எலுமிச்சம்பழச் சாற்றை வாங்கிக் குடித்தது. ஆகவே பித்தம் என்பது ஏகமனதாக நிறைவேறியது. பாதி நாள் அப்படிப் போயிற்று. மத்தியானம் எழுந்து வெளியே போகப் பார்த்தவர், நிலைப்படியில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாமே, வாசக்கதவு ரெண்டு வெச்சிருக்க?"

சகுந்தலா அவர் முகத்தைப் பார்த்தாள். அவரது ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் அவள் தலைக்கு மேலே யாரையோ பார்த்தது. அவள் அதற்கு மேல் பித்தத்தைப் பற்றிப் பேசவில்லை. 108-க்குப் போன் செய்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் வெண்ணிலாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பேனாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தலையை ஆட்டாம பேனாவை மட்டும் பாருங்கய்யா. எத்தனை தெரியுது?"

பாண்டுரங்கனுக்கு இரண்டு தெரிந்தது, ஒன்றுக்கு மேல் ஒன்று சற்றுச் சாய்ந்தபடி. கண்ணுக்காரர் என்று நாலு ஊரில் பேர் வாங்கியவர், கண்ணைப் பற்றிய கேள்வியில் தோற்பாரா? வாசக்கதவு ஒன்று என்பது தெரியும், அது இரண்டாகத் தெரிந்தது. ஆகவே எதைப் பார்த்தாலும் இரண்டால் வகுத்தால் போதும்.

"ஒண்ணு."

டாக்டர் இரண்டு பேனாவை நீட்டினார். நாலு தெரிந்தது. வகுத்தார்.

"ரெண்டு."

மூன்று பேனா. ஆறு. "மூணு. வேணும்னா இன்னும் எடும்மா."

கண் பரிசோதனையைக் கணக்குப் பரீட்சையாக மாற்றி அவர் முதல் வகுப்பில் தேறிக்கொண்டிருந்த வேளையில், டாக்டர் ஓர் அட்டையை எடுத்து அவரது இடது கண்ணை மறைத்தார். மறுபடி இரண்டு பேனா.

ஒற்றைக் கண்ணுக்கு இரண்டு பேனா இரண்டாகத்தான் தெரிந்தது. பாண்டுரங்கன் பழக்க தோஷத்தில் வகுத்தார்.

"ஒண்ணு."

சகுந்தலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு" என்றார் டாக்டர். "மூளைக்கு அடியில ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ரெண்டு கண்ணையும் ஒண்ணா திருப்புற உத்தரவு அந்த வழியாத்தான் போகுது. இப்ப ஒரு கண்ணு கொஞ்சம் ஏறி நிக்குது, இன்னொண்ணு இறங்கி நிக்குது. அதான் ரெண்டு ரெண்டாத் தெரியுது. மாத்திரையை விடாமப் போடுங்க. கருப்பா ஒரு மூடி தரேன், ஒருநாள் இந்தக் கண்ணு, ஒருநாள் அந்தக் கண்ணுன்னு மூடிக்கிட்டா ஒண்ணாத் தெரியும். சில மாசத்துல சரியாகலாம். பாதியிலேயே நின்னுடவும் செய்யலாம்."

"ரெண்டுல எதும்மா நெசம்?"

"ரெண்டுமே நெசம்தாங்க. இந்தக் கண்ணை மூடினா அது போகும். அந்தக் கண்ணை மூடினா இது போகும்."

இரண்டும் நிஜம் என்று படித்த பெண்ணே சொல்லிவிட்டாள். அந்தப் பதிலைப் பாண்டுரங்கன் மாத்திரையோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார். மாத்திரை ஒரு மாதத்தில் தீர்ந்து, வேறு வாங்கினார்கள். பதில் தீரவில்லை.

கருப்பு மூடியை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"போட்டுக்குங்களேன், அதுக்குத்தான குடுத்தாங்க" என்பாள் சகுந்தலா.

"ஒத்தக் கண்ண மூடிக்கினு மரத்தடியில நின்னா எவன் ஏறுவான்? நீ ஏறுவியா?"

"நான் எதுக்கு ஏறணும்? நீங்க இந்த வருசம் போவ வேணாம்னுதான் சொல்றேன்."

"வாய மூடிக்கினு இரு. வெளிய சொன்ன..."

அவள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று பாண்டுரங்கன் இரவும் பகலும் யோசித்து வைத்திருந்தார். கண் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பார்கள். ஐப்பசியிலிருந்து என்றால், அதற்கு முன்னால் நன்றாக இருந்ததா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால் ஒரு மரத்தடியில் போய் நிற்பார்கள். அங்கே ஆணியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

எனவே வகுத்தார். காலையிலிருந்து மாலை வரை வகுத்தார். தட்டில் இரண்டு முட்டை தெரிந்தால் ஒன்று. தெருவில் எதிரே நாலு பேர் வந்தால் இரண்டு பேர். விடை சரியாக வந்தாலும் கை பல சமயம் தப்பான முட்டையின் மேல் போய் விழுந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் இரண்டும் சற்று நெருங்கி வருவதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எல்லோரையும் தலை சாய்த்தே பார்த்தார். ஊரில் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். "சீக்கு வந்தப்புறம் கண்ணுக்காரர் எவ்ளோ மரியாதையா கேக்கறாரு பாரேன்" என்று பாராட்டினார்கள்.

ஒருநாள் சவரம் செய்துகொள்ளக் கண்ணாடி முன் நின்றார். கண்ணாடியில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருடைய கழுத்தும் இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ மெதுவாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் போல. பாதி சவரத்தோடு வெளியே வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புளி மூட்டைக்குப் பின்னால் திருப்பி வைத்தார். மழித்த பாதியும் மழிக்காத பாதியுமாக மூன்று நாள் ஊரில் நடமாடினார். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றார்.

ஒருநாள் மாலையில் பூங்கோதை வந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தாள். வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால், அரை முழம் உயரத்தில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இன்னொருவர் நின்றார்.

"யாரும்மா கூட வந்திருக்கறது?"

"நான் மட்டும்தாண்ணா" என்றாள் பூங்கோதை. திரும்பிப் பார்த்தாள். "யாரும் இல்லியே."

இரண்டை இரண்டால் வகுத்தார். ஒன்று. மீதி எதுவும் இருக்கக் கூடாது. அன்று மீதி இருந்தது. பூங்கோதை போன பிறகும் அவர் வாசலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பேய் இருந்தால் என் கண்ணில் படாமல் போகாது என்று சொன்னவருக்கு, பட்டதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் சொன்னது சரியாக இருந்தால் ஒரு கண்ணை மூடினால் அது போய்விடும். மூடிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பூங்கோதை மறைந்து, அது நின்றுவிட்டால்?

மாசி பிறந்ததும் தங்கவேல் வந்தான். சின்னராசுவின் தம்பி. அண்ணனுக்குப் பிறகு உலுக்குவதில் அவனுக்குத்தான் பேர்.

"மாமா, அந்தத் தோப்ப இந்த வருசம் நம்மளுக்கே வுட்டுட்டாங்க. பெரிய மரத்துல மூணு வருசமா யாரும் ஏறல, காய் சும்மா சரம் சரமா தொங்குது."

"அது வேணாண்டா."

"இன்னா வேணாம்? நீங்க கீழ நின்னா நான் ஏறறேன். எங்கண்ணன பேய்தான தள்ளுச்சி, நீங்களா தள்ளுனீங்க?"

பாண்டுரங்கன் தலை சாய்த்து அவனைப் பார்த்தார். இரண்டு தங்கவேல்களும் கள்ளமில்லாமல் சிரித்தார்கள்.

மலை ஏறுகிற பேருந்தில் ஒவ்வொரு வளைவும் அவருக்கு இரண்டு வளைவாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இருமுறை வாந்தி எடுத்தார். சகுந்தலாவும் கூட வந்திருந்தாள். கேட்டதற்குப் பழம் பொறுக்க என்றாள். அவள் வாழ்நாளில் பழம் பொறுக்கியதில்லை.

மரம் அப்படியே இருந்தது. ஆணி துருப்பிடித்து, அதைச் சுற்றிப் பட்டை வீங்கி அதைப் பாதி விழுங்கியிருந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் படுதாவை விரித்தார்கள். தங்கவேல் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாண்டுரங்கனையும் கும்பிட்டு ஏறினான். அணிலுக்குக்கூட அத்தனை சுலபமாக வராது. அடிமரம் தாண்டி, கவை தாண்டி, அண்ணன் கடைசியாக நின்ற உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"இன்னாண்ணா, காவலூர்க் கண்ணாடிக் கதைய இந்த வருசம் காணோம்?" என்று பெண்களில் ஒருத்தி சீண்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. பாண்டுரங்கன் மரத்தின் பக்கம் திரும்பினார். முதுகில் கை கட்டி, வாயைப் பாதி திறந்து, அண்ணாந்தார்.

மேலே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இருவரில் கீழே இருந்தவன் நிமிர்ந்து நின்றான். அவனுக்கு மேலே, அரை முழத்தில், சாய்ந்த ஒருவன் நின்றான். இருவருக்கும் முன்னால் இரண்டு கிளை, நாலாகத் தெரிந்தது. எத்தனை கிளை என்று வகுக்க முடிந்தது. எந்தக் கிளையில் வெடிப்பு என்பதை எப்படி வகுப்பது?

"மாமா, இதுவா?"

இரண்டு பேரும் கேட்டார்கள்.

இடது கண்ணை மூடினார். மேலே இருந்தவன் போனான். கருப்பு வெடிப்பு வலப்பக்கக் கிளையில் இருந்தது போலத் தோன்றியது. வலது கண்ணை மூடினார். கீழே இருந்தவன் போய்விட்டான். சாய்ந்தவன் மட்டும், சாய்ந்த கிளைகளுக்கு நடுவே, காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். வெடிப்பு இடம் மாறியிருந்தது, அல்லது மாறாமல் இருந்தது. இரண்டு கண்ணையும் மூடினார். இருட்டில் ஒருத்தனும் இருக்கக் கூடாது. அவன் இருந்தான். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காது கொடுத்தபடி.

முப்பது வருடப் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு "வை" வந்துவிட்டது. ஒரே எழுத்து. சொல்லிவிட்டால் கண்ணுக்காரர் என்ற பேர் பிழைக்கும்.

"மாமா?" என்றான் தங்கவேல். மறுகேள்வி. ஏற்கெனவே உதிர்ந்து கிடந்த பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"இரு" என்றார் பாண்டுரங்கன். "கால வைக்காத. கையால கவைய நல்லா புடிச்சிக்கோ." பிறகு யாரையும் பார்க்காமல், "பூங்கோதை, இங்க வாம்மா" என்றார்.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுது. ஐப்பசிலேந்து. கொம்பெல்லாம் கலங்கிப் போவுது. நீ அண்ணாந்து பாத்துச் சொல்லு."

சகுந்தலா ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். பூங்கோதை ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். மரத்தை ஒரு பக்கமாகச் சுற்றி வந்தாள்.

"தங்கவேலு, உன் சோத்துக் கை பக்கம் கீதே, அதுல வைக்காத. அடியில கறையான் மண்ணு கோடு போட்டு ஓடுது. அந்தாண்ட இருக்கறதுல வை. மொதல்ல தட்டிப் பாரு."

தங்கவேல் தட்டிப் பார்த்தான். வைத்தான். கிளை அவனைத் தாங்கியது. சும்மா இருக்க மாட்டாமல் மற்றக் கிளையைக் குதிகாலால் ஒரு உதை விட்டான். அது காத்துக்கொண்டிருந்தது போல ஒடிந்து, கீழ்க்கிளைகளில் மோதி மோதி வந்து, படுதாவின் நடுவில் விழுந்தது. உள்ளே வெறும் மண்.

பாண்டுரங்கன் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பூங்கோதைக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அன்னிக்கும் அவன் இதையேதாம்மா கேட்டான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்திச்சி. நான் அண்ணாந்தே பாக்கல. உங்களாண்ட காவலூர்க் கதைய அளந்துகினு இருந்தேன். பாக்காமயே ‘வை’ன்னேன்."

அவள் தலையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த முடியாது, மேலே ஒருத்தன் நிற்கிறான்.

"தெரியும்ணா" என்றாள், மரத்தைப் பார்த்தபடியே. "நான் உங்க மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன். நானும்தான் சிரிச்சிக்கினு இருந்தேன்."

மேலே தங்கவேல் மிதிக்கத் தொடங்கினான். பழம் கொட்டியது, பெண்கள் முதுகிலும் தலையிலும் பட்டுத் தெறித்தது. பாண்டுரங்கன் சட்டைப் பையிலிருந்து கருப்பு மூடியை எடுத்து, எந்தக் கண் என்று யோசித்து, இடது கண்ணில் மாட்டிக்கொண்டார். முடிச்சு சரியாக விழவில்லை. சகுந்தலா வந்து போட்டுவிட்டுப் போனாள். ஒரு மரம் நின்றது. அதில் ஓர் ஆணி. ஒரு தங்கவேல். எண்ணிப் பார்த்தார், வகுக்கவில்லை. சாய்ந்தவன் எங்கே போனான் என்று தேட அவர் ஒற்றைக் கண் ஒருமுறை கிளைகளுக்குள் போய்த் திரும்பியது.

"மாமா, அடுத்தது எது?"

பாண்டுரங்கன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பூங்கோதையின் பக்கமாக.

"உனக்கு இன்னா தெரியுதும்மா?"